பாட்டு டீச்சரின் மௌன விரதம்

சங்கரேஸ்வரி டீச்சரின் தொண்டையைக் கெடுத்தது சங்கீதம் இல்லை. சங்கீதம் பாவம், அதற்கு அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு பீரியடுதான். அதையும் கணக்கு டீச்சர் எப்சிபா, "போர்ஷன் முடியலை டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க" என்று பாதி நாள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மிச்சம் கிடைத்த பீரியடில் எழுபது பிள்ளைகளை உட்காரவைத்து, "ஏட்டி, சத்தம் போடாதீங்கட்டி!" என்று சத்தம் போட்டே நேரம் கழிந்துவிடும். பள்ளியில் ஒரு மைக் இருந்தது. அது தாளாளர் மகாராஜா பேசுவதற்கு மட்டும் என்று பீரோவில் பூட்டியிருந்தது. ஆகவே காலைப் பிரேயர், விருந்தாளி வந்தால் வரவேற்புப் பாட்டு, யாராவது ரிட்டையர் ஆனால் அழுகைப் பாட்டு, எல்லாவற்றுக்கும் டீச்சர் தொண்டைதான் மைக். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் மகாராஜா கையை மேலே மேலே தூக்கிக் காட்டுவார். டீச்சரும் மேலே மேலே போவாள்.

அப்படி மேலே போன தொண்டை, மார்கழியில் ஆண்டுவிழா ஒத்திகை நடக்கும்போது ஒருநாள் காலையில் மக்கர் பண்ணிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் டீச்சர் ஏதோ புது ராகம் பாடுகிறாள் என்று நினைத்து அவர்களும் காற்றை விட்டார்கள்.

வீட்டுக்காரர் ஆவுடையப்பன் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இரண்டு சின்னக் கட்டி, கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிடலாம் என்றார். எடுத்த பிறகு இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்புறம் பயிற்சி செய்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். முழுப் பாட்டுப் பாட மட்டும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

"என்ன வேலை பாக்கீங்கம்மா?"

"பாட்டு டீச்சர் சார்" என்று ஆவுடையப்பன் முந்திக்கொண்டார்.

"பாடினதால வரலை. கத்தினதால வந்திருக்கு" என்றார் டாக்டர்.

சங்கரேஸ்வரிக்குக் கட்டியைப் பற்றிக்கூட அவ்வளவு பயம் இல்லை. வேலையைப் பற்றித்தான் பயம். மதுரையில் தங்கி முறையாகச் சங்கீதம் படித்தவள் அவள். ஆனாலும் அந்தப் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை அரசாங்கக் கணக்கில் கிடையாது, நிர்வாகமாகப் பார்த்துப் போட்ட வேலை. நிர்வாகம் என்றால் மகாராஜா. அவருக்கு மனசு மாறினால் ஒரு போன் போதும். பாட்டு டீச்சருக்குப் பாட்டு வரவில்லை என்று தெரிந்தால் அந்தப் போன் வர எவ்வளவு நேரம் ஆகும்? வாசுதேவநல்லூரில் பிறந்து, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, "ஆவுடையப்பன் பொண்டாட்டி" என்று இல்லாமல் "பாட்டு டீச்சர்" என்று நாலு பேர் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. பஸ்ஸில் வரும்போது செல்போனில் டைப் செய்து புருஷனிடம் காட்டினாள்: ஸ்கூலுக்குத் தெரியக் கூடாது.

"ஏட்டி, நீ சும்மா இரி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஆவுடையப்பன்.

அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன காரியம் எதுவும் இதுவரை நேராக முடிந்ததில்லை. அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பேசியே பிழைக்கிறவர், கேட்க ஆள் இல்லை என்றால் வீட்டு மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரைக்கூட உட்காரவைத்துப் பேசுவார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மகாராஜாவிடமிருந்து போன் வந்தது. டீச்சர் ஏன் ஒத்திகைக்கு வரவில்லை, டீச்சரிடம் போனைக் கொடுங்கள் என்றார். ஆவுடையப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். எதிர்ச் சுவரில் கோமதியம்மன் படம் போட்ட காலண்டர் தொங்கியது.

"அவ பேச மாட்டா சார். விரதம். அம்மனே இந்த ஊர்ல ஒத்தக்கால்ல தபசு நின்னவ இல்லையா சார்? அவளுக்குச் சொப்பனத்துல உத்தரவு வந்துட்டு. ஆடித்தபசு வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னுட்டா."

சங்கரேஸ்வரி கட்டிலில் இருந்து எழுந்தே விட்டாள். மார்கழி எங்கே, ஆடி எங்கே! இரண்டு வாரத்துக்கு ஒரு பொய் போதும் என்றால் இந்த மனுஷன் வருஷத்தில் பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறார். கையை ஆட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். ஆவுடையப்பன் போனைக் கையால் மூடிக்கொண்டு, "சார் அழுதாரு ஏட்டி!" என்றார் பெருமையாக.

மகாராஜா அழுதது உண்மைதான். அவர் எதற்கும் அழக்கூடியவர். "நம்ம பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு ஆத்மா இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்று சொல்லி, விரதம் முடிகிற வரைக்கும் டீச்சர் வரவேண்டியதில்லை, அவள் இடம் அவளுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு வாக்குக்காகத்தான் சங்கரேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினாள். வேலை தங்கிவிட்டது. அது போதும் என்று நினைத்தாள். போதாது என்று தெரிய ஆறு மாதம் ஆனது.

மகள் முத்துமாரி பிளஸ் டூ படிக்கிறவள். விஷயம் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம்மா, பரிட்சை முடியுற வரைக்கும் எனக்கு நிம்மதி" என்றாள். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வலிக்காம்மா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

ஒரு வாரத்துக்குள் செய்தி நாலு ரத வீதியும் சுற்றி வந்துவிட்டது. முதலில் தெருப் பெண்கள் வந்தார்கள், விபூதி கேட்டார்கள். அப்புறம் திருவேங்கடத்தில் இருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. மார்க்கெட்டில் பூக்கட்டுகிற முத்துத்தாய் தினம் ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவந்து டீச்சர் தலையில் தானே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டீச்சர் பாடிய காலத்தில் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காத ஊர் அது. "காலங்காத்தால ஆ ஆன்னு என்ன இழவு சத்தம்" என்று சுவரைத் தட்டியவர்கள் அந்தத் தெருவில் உண்டு. இப்போது அதே ஆட்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். இத்தனை வருஷம் பாடிச் சம்பாதிக்க முடியாத மரியாதையை, வாயை மூடிக்கொண்டு ஒரு மாதத்தில் சம்பாதித்துவிட்டாள். அவளுக்கு அதை நினைக்க நினைக்க எரிச்சல்தான் வந்தது.

ஆவுடையப்பனுக்கோ வாழ்வு வந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் விரத மகிமை சொல்லிவிட்டு, "அப்படியே உங்க பேருக்கு ஒரு பாலிசி போட்டு அவ கையால வாங்கிக்கிடுங்க, தீர்க்காயுசு" என்று பையைத் திறப்பார். இன்சூரன்ஸ் பாலிசியையும் தீர்க்காயுசையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேச அவர் ஒருவரால்தான் முடியும்.

இரண்டு வாரம் முடிந்து டாக்டர் பேசச் சொல்லிவிட்டார். ஸ்ட்ரா ஒன்றைத் தண்ணீர் டம்ளரில் விட்டு, முனகிக்கொண்டே ஊதிக் குமிழி விடவேண்டும், அதுதான் பயிற்சி. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊதினாள். ஒருநாள் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டாள். விபூதிக்கு வந்த பெண் ஒருத்தி எட்டிப்பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். ஆவுடையப்பன் அசரவில்லை. "ஜலப் பிராணாயாமம். சித்தர்கள் மூங்கில் குழாயில பண்ணுவாங்க. இப்ப மூங்கிலுக்கு எங்க போக?" என்றார். அடுத்த வாரம் தெருவில் நாலு வீட்டில் ஸ்ட்ராவும் டம்ளருமாக உட்கார்ந்து குமிழி விட்டார்கள். ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றுகூடக் கேள்வி.

சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். மகபூப் பீவியின் குடும்பத்துக்குச் சொந்தம், எட்டுத் தறி. அவளும் ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். விபூதி கேட்கவில்லை. டீச்சரின் முகத்தையும் மேசைமேல் இருந்த ஸ்ட்ராவையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"எந்த டாக்டர்ட்ட பண்ணுனிய? கடையநல்லூர்ல எங்க அக்காவுக்கும் இதே ஆபரேஷன்தான். அவளும் இப்படித்தான் டம்ளர்ல முட்டை விட்டுக்கிட்டு இருந்தா."

சங்கரேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை மாதத்தில் அவளை மனுஷியாகப் பார்த்த வெளி ஆள் அவள்தான். மகபூப் பீவி எழுந்துகொண்டே, "தறி ஓடும்போது இங்கன பேயே கத்தினாலும் வெளிய கேக்காது. பேசிப் பழகுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவள் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்கிற ஆள். அன்றிலிருந்து தறிகள் ஓட ஆரம்பித்ததும் சங்கரேஸ்வரி சுவரோரம் போய் நின்று, கரகரவென்று பேசிப் பார்த்தாள். பங்குனியில் குரல் பிசிறாமல் நிலைத்தது. சித்திரையில் ஒரு ஸ்வரம், அப்புறம் நாலு ஸ்வரம். பழைய குரல் இல்லை, சுருதியில் ஒரு கட்டை கீழே இறங்கிப் போயிருந்தது. ஆனால் இருந்தது.

குரல் வந்த கையோடு புருஷனிடம் நேரே சொன்னாள். "போதும்ங்க. விரதம் முடிஞ்சிட்டுன்னு சொல்லிருங்க. ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது நான் போகணும்."

ஆவுடையப்பன் பதறிவிட்டார். "என்னட்டி இப்படிப் பேசுத? பாதியில விரதம் கலைஞ்சா சாமி குத்தம்!"

"எந்த விரதம்?"

அந்தக் கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார். கடைசியில், "ஆடி வரைக்கும்தான, பல்லைக் கடிச்சிக்கிட்டு இரி. சார் இடம் உனக்குத்தான்னு சொல்லியிருக்காருல்லா" என்று முடித்தார். பாதியில் விட்டால் பொய் வெளியே வந்து வேலையும் போகும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. விபூதிக்கு வந்த பெண்கள் விபூதி வாங்கிக்கொண்டு போவதை நிறுத்தி, உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தார்கள். பேசாத ஆள் கிடைப்பது இந்த ஊரில் அவ்வளவு சுலபமா? யாரிடம் சொன்னாலும் விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும். இந்தப் பொம்பளையிடம் சொன்னால் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டும், அவ்வளவுதான். சுத்த சைவம் என்று பேர் வாங்கிய ஒரு வீட்டம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மாசம் ஒருநாள் கடையநல்லூர் போய் மட்டன் பிரியாணி சாப்பிட்டு வருவதைச் சொல்லி, "நாக்கு கேக்கு டீச்சர், நான் என்ன செய்ய?" என்று விம்மினாள். மாமியாரின் சீரியல் நேரத்துக்கு ரிமோட் பேட்டரியைக் கழற்றி அரிசிப் பானையில் போடுகிறவள் ஒருத்தி. முத்துத்தாய், முந்தின நாள் பூவை உள்ளே வைத்துக் கட்டுவதைச் சொன்னாள், "சாமிக்குக் கட்டுறதுல இல்ல, கல்யாண ஆர்டர்லதான்" என்று சமாதானமும் சொன்னாள். ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். அவள் பெயர்கூடத் தெரியாது. அன்று சங்கரேஸ்வரிக்கு விரதமாவது மண்ணாவது என்று வாயைத் திறந்துவிடலாமா என்று இருந்தது.

தாளாளர் மனைவி சுமதியும் வந்தாள். காரில் வந்தாள், கதவைச் சாத்தச் சொன்னாள், இரண்டு மணி நேரம் பேசினாள். மகாராஜா சுதந்திர தினம், ஆசிரியர் தினம் எல்லாவற்றுக்கும் முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று அழுது பார்ப்பாராம். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று சுமதிதான் சொல்ல வேண்டுமாம். "எனக்குச் சிரிப்பு வந்துரும் டீச்சர், சிரிச்சா அன்னைக்குச் சோறு திங்க மாட்டாரு." அப்புறம் தங்கை மகள் கனகதுர்காவைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை பாட்டுப் பரிட்சையில் இரண்டு தடவை பெயில். "சுருதிப் பெட்டி ஒரு பக்கம் போனா அவ ஒரு பக்கம் போவா. கல்யாணத்துக்குப் பாக்குற வரைக்கும் எங்கயாவது உக்கார வைக்கணுமாம், தங்கச்சி உயிரை எடுக்கா."

எங்கே உட்காரவைக்கப் போகிறார்கள் என்று சுமதி சொல்லவில்லை. அதை ஆனி மாசக் கடைசியில் எப்சிபா வந்து சொன்னாள்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு தெரியலை" என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்க இடத்துக்குக் கனகதுர்கான்னு ஒரு பிள்ளையைப் போட்டாச்சு. சார் மீட்டிங்ல சொன்னாரு. 'தபசு இருந்த வாயைப் பிள்ளைங்களைப் பாத்துக் கத்த விட்டா நமக்குப் பாவம். அவங்களை இனிமே பூஜிக்கணும், வேலை வாங்கக் கூடாது'ன்னாரு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீங்க வந்து பிரேயர் ஹால்ல சும்மா உக்காந்திருந்தாப் போதுமாம். அந்தப் பிள்ளைகிட்ட நான் பீரியடே கேக்க வேண்டியதில்லை டீச்சர். அதுவே கொண்டுவந்து குடுக்கு."

குரல் இல்லை என்று தெரிந்தால் வேலை போகும் என்று பயந்துதானே இந்தக் கூத்துக்குச் சம்மதித்தாள்? இப்போது பக்தியில் போய்விட்டது. ஆவுடையப்பனிடம் சொன்னபோது அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நல்லதுதான ஏட்டி! வேலைக்குப் போயி என்னத்தக் கண்ட? இப்ப நீ உக்காந்த இடத்துல ஊரே வருது. நீ பேசாம இருக்கும்போது வீடு எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா?" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சங்கரேஸ்வரியின் மனசு அன்றைக்கு விட்டுப்போனது.

கோயிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிய வாரம், வெள்ளிக்கிழமை, பள்ளியில் பாராட்டு விழா. பீரோவில் இருந்து மைக் வெளியே வந்தது. ஊர்ப் பெண்கள் கோயிலை வலம்வந்து ஆடிச்சுற்று முடித்த ஈரப்புடவையோடு ஹாலை நிறைத்துவிட்டார்கள். சுத்த சைவ அம்மா, ரிமோட் பேட்டரிக்காரி, முத்துத்தாய், எல்லாரும் முன்வரிசையில். சுமதி மேடையில். ஆவுடையப்பன் புது வெள்ளைச் சட்டையில், கையில் பாலிசிப் பை. ஓரமாக முத்துமாரியும் மகபூப் பீவியும்.

கனகதுர்கா இறைவணக்கம் பாடினாள். செல்போனில் மியூசிக் ஓடவிட்டுத்தான் பாடினாள். மியூசிக் முடிந்த பிறகும் அவள் பாடிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சிரிப்பை அடக்க ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

மகாராஜா எழுந்தார். "பாட்டு யார் வேண்டுமானாலும் பாடலாம். பாடிக்கொண்டும் இருக்கிறார்கள். மௌனம் யாரால் முடியும்? நம் பாட்டு ஆசிரியை இன்று பாட்டைக் கடந்துவிட்டார். அவரை இனி வகுப்பறையில் அடைப்பது..." சரியான இடத்தில் நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றினார், குரல் தழுதழுத்தது. சங்கரேஸ்வரி தன்னை அறியாமல் சுமதியைப் பார்த்தாள். சுமதி அவசரமாகக் குனிந்து செருப்பைப் பார்த்தாள். பொன்னாடை போர்த்தினார்கள். 'மௌனத் தபஸ்வினி' என்று பட்டம் கொடுத்தார்கள். கனகதுர்காவுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்து, திங்கள்கிழமையிலிருந்து நிரந்தர இசை ஆசிரியை என்று அறிவித்தார்கள். கடைசியாக டீச்சர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண வேண்டும், அதோடு டிபன்.

ஹால் முழுக்க எழுந்து நின்றது. சங்கரேஸ்வரி கையைத் தூக்கவில்லை. மகாராஜாவின் முன்னால் இருந்த மைக்கை எடுத்தாள்.

"உக்காருங்க."

கட்டைக் குரல். யார் பேசியது என்று பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் பாலிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு விரதம் ஒண்ணும் கிடையாது. தொண்டையில கட்டி வந்திச்சு, ஆபரேஷன் பண்ணுனேன். வேலை போயிருமோன்னு பயந்து எங்க வீட்டுக்காரரு சொன்ன பொய்யை நானும் சுமந்தேன். அம்மன் என்னை மன்னிச்சிருவா, அவளுக்கு இதுக்கு மேல எத்தனையோ சோலி. ஆனா என் வேலை எனக்கு வேணும் சார்."

மகாராஜாவுக்கு நிஜமாகவே ஒன்றும் ஓடவில்லை. இதற்கு அவர் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "டீச்சர், இப்படிப் பேசுற குரலை வச்சிக்கிட்டுப் பாட்டு எப்படி..." என்று இழுத்தார்.

சங்கரேஸ்வரி பதில் சொல்லாமல் பாடினாள். கனகதுர்கா பாடிய அதே இறைவணக்கம், ஒரு கட்டை இறக்கி. கரகரப்பு இருந்தது, ஒரு இடத்தில் மூச்சு பிசிறியது. மேலே போக வேண்டிய இடம் வந்ததும் குரல் வரவில்லை. அவள் சமாளிக்கவில்லை, நிறுத்திவிட்டாள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் கைதட்டிவிட்டுப் பயந்து நிறுத்தியது.

"அதுக்கு மேல இப்பப் போகலை. டாக்டர் போகும்ங்காரு. போகலேன்னாலும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க இது போதும்."

"உணர்வு புரியுது டீச்சர். ஆனா ஆர்டர் போட்டாச்சு, நிர்வாக முடிவு" என்றார் மகாராஜா, தாளாளர் குரலுக்குத் திரும்பி.

அப்போதுதான் சங்கரேஸ்வரி ஹாலைப் பார்த்தாள். ஏமாற்றிவிட்டாளே என்று கோபப்பட்டுக் கத்துவார்கள் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள். யாருக்கும் கோபம் இல்லை. முன்வரிசை முழுக்க முகம் வெளுத்துப்போய் இருந்தது. சுத்த சைவ அம்மா பக்கத்தில் இருந்த புருஷனைப் பார்ப்பதும் டீச்சரைப் பார்ப்பதுமாக இருந்தாள். ரிமோட்காரி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "போலாம் அத்தை, தலை சுத்துது" என்றாள். முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அந்தப் பொம்பளை பேசுகிறாள்! பேசக்கூடிய ஆளிடமா இத்தனையும் கொட்டினோம்!

யாரையும் காட்டிக்கொடுக்க அவளுக்கு எண்ணமே இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இவர்கள் இப்படிப் பயப்படுவார்கள் என்று மேடைக்கு வரும்போது தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் தீர்ந்ததும் ஒரு குஷி வந்தது. அதையும் மறைப்பானேன்?

"சரி சார்" என்றாள் மைக்கில், மெதுவாக. "இத்தனை மாசமா என்கிட்ட வந்து மனசுவிட்டுப் பேசின எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு இறங்கிருதேன். பாட்டுக்காரிக்கு ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும், மறக்காது. யாரு, எந்தக் கிழமை, என்ன சொன்னாங்கங்கிறது அப்படியே இருக்கு. முதல்ல நம்ம தாளாளர் வீட்டம்மா சுமதி அவங்களுக்கு..."

"டீச்சரே வரட்டும்!"

சுமதி எழுந்து நின்றிருந்தாள். குரல் ஹாலின் கடைசி வரைக்கும் போனது, மைக் தேவைப்படவில்லை. "டீச்சர் இல்லாம நம்ம பள்ளிக்கூடத்துல பாட்டா? யாரு சொன்னா? துர்கா சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன அவசரம்? திங்கக்கிழமை டீச்சர்தான்!"

"சுமதி, நிர்வாக முடிவு..."

"நிர்வாகம் இப்பத்தான் முடிவு பண்ணியிருக்கு. உக்காருங்க."

முன்வரிசை மொத்தமும் கைதட்டியது. முத்துத்தாய் எழுந்து நின்று குலவை போட்டாள். பிரியாணி அம்மா தட்டிய தட்டில் வளையல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் டீச்சர் எத்தனையோ தடவை கச்சிதமாகப் பாடிய மேடை அது, இப்படி ஒரு கைதட்டல் விழுந்ததில்லை. மகாராஜா ஒன்றும் புரியாமல் தானும் தட்டினார். கண் கலங்குகிற மாதிரி இருந்தது, ஆனால் அதற்கான இடம் இதுதானா என்று மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

ஓரத்தில் நின்ற முத்துமாரி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மகபூப் பீவி, "தண்ணி குடிங்க முதல்ல, தொண்டை காஞ்சிருக்கும்" என்று பாட்டிலை நீட்டினாள். சங்கரேஸ்வரி ஒரு மடக்குக் குடித்தாள். திங்கள்கிழமை காலை பிரேயருக்கு எந்தப் பாட்டை எந்தக் கட்டையில் பாடினால் இந்தக் குரல் தாங்கும் என்று அப்போதே மனசுக்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

டிபன் சாப்பிட யாரும் நிற்கவில்லை. மகள் தோழிகளோடு கிளம்ப, அவளும் ஆவுடையப்பனும் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். தேரடி தாண்டுகிற வரைக்கும் மனுஷன் வாயே திறக்கவில்லை. அவர் இவ்வளவு தூரம் பேசாமல் வந்ததே இல்லை. தெரு முனையில் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஏட்டி... வந்தவளுக யாரும் என்னையப் பத்தி என்னமும் சொன்னாளுகளா?"

சங்கரேஸ்வரி பின்னால் உட்கார்ந்து பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதாருந்தாலும் சொல்லிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷத்தில் யாருக்காகவும் இல்லாமல் தன் இஷ்டத்துக்கு அவள் பேசாமல் இருந்தது அப்போதுதான். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.